மலைப்புறா நடும் மரங்கள்



கீழ்ப்பழனி மலையில் ஒரு சோலை மரத்தை நாமே நட்டு வளர்க்க வேண்டும் என்றால் என்ன செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழம் பழுக்கும் காலம் தெரிந்து காட்டுக்குப் போய்ப் பொறுக்க வேண்டும். சதையைக் கழுவி எடுக்க வேண்டும். காட்டு லவங்கம், கோலமாவு போன்ற மரங்களின் விதையை நெல் விதை மாதிரி காயவைத்து மூட்டை கட்டி வைக்க முடியாது, காய்ந்தால் உயிர் போய்விடும். ஈரம் இருக்கும்போதே மண்ணில் போட வேண்டும். அப்புறம் பை, மண், தொழுவுரம், நிழல்வலை, ஒன்றரை இரண்டு வருடம் தண்ணீர். பிறகு குழிவெட்ட ஆள்கூலி, காட்டுமாடு மிதிக்காமல் இருக்க வேலி. இவ்வளவும் செய்து பத்துக் கன்று வைத்தால் எத்தனை தேறும் என்பது நட்டவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலையில் பெரும்பகுதியைக் கூலி வாங்காமல் செய்கிற ஒரு பறவை நம் தோட்டங்களுக்கு மேலே பறந்து கொண்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ காபித் தோட்டக் கடன் விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். உரம், பூச்சிமருந்து, கூலி, வேலி எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. இந்தப் பறவைக்கு மட்டும் கட்டம் கிடையாது. இந்தக் கட்டுரையில் அதற்கு ஒரு கட்டம் போடலாம் என்று நினைக்கிறேன்.

யார் இந்த மலைப்புறா?

தாண்டிக்குடி சுற்றுவட்டாரத்தில் புறா என்றால் ஒன்றிரண்டு சாதி மட்டும் இல்லை. கட்டடங்களில் அடைகிற மாடப்புறா எல்லோருக்கும் தெரியும். தரையில் மேயும் புள்ளிப்புறாவும் தெரியும். காபிச் செடிகளுக்கு அடியில் குறுகுறுவென்று நடந்துவிட்டு, ஆளைக் கண்டதும் விருட்டென்று பறக்கும் பச்சை முதுகுக்காரர் மரகதப்புறா. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை அதுதான். ஆலும் அத்தியும் பழுத்தால் கூட்டமாக வந்து இறங்குவது பச்சைப்புறா.

இவை தவிர இரண்டு பெரிய புறாக்கள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவது நீலகிரி காட்டுப்புறா. கழுத்தின் பின்பக்கம் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். தலையும் வயிறும் சாம்பல், முதுகு செம்பழுப்பு. ஒன்றேகால் அடி நீளம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. பம்பாய் கவர்னராக இருந்த எல்ஃபின்ஸ்டன் பெயரைத்தான் இதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். அழியும் அபாயத்தில் உள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மரத்திலும் தின்னும், கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கத் தரைக்கும் இறங்கும்.

இரண்டாவதுதான் நம் கதாநாயகர். பறவை நூல்களில் இம்பீரியல் பிஜியன் என்பார்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சுருக்கமாக மலைப்புறா என்று சொல்லிவிடுவார்கள். 43 முதல் 51 சென்டிமீட்டர் வரை நீளம். மாடப்புறா 33 சென்டிமீட்டர்தான் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். இந்தியாவின் புறாக்களிலேயே உருவத்தில் பெரியது இதுதான். தலையும் மார்பும் லேசான இளஞ்சிவப்பு கலந்த சாம்பல், முதுகும் இறக்கையும் பழுப்பு, வால் நுனியில் வெளுத்த அகலமான பட்டை, கால் நல்ல சிவப்பு. 1840-இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தென்னிந்தியப் பறவைக்குப் பெயர் வைத்தபோது 'செம்பு நிறப் பழந்தின்னி' என்ற பொருள்பட லத்தீனில் வைத்தார். இதன் உறவினர்கள் இமயமலை அடிவாரத்திலிருந்து பர்மா, மலேயா, ஜாவா வரை உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையைத் தனி இனமாகவே பிரிக்க வேண்டும் என்று பறவை ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இதுவும் நம் மலைக்கே உரிய சொத்து.

பார்ப்பது கஷ்டம், கேட்பது சுலபம். உயரமான மரத்தின் உச்சாணிக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். குரல் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி 'ஊம்ம்... ஊம்ம்' என்று கனமாக இருக்கும். வெறும் பானைக்குள் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர் மலைவரை கேட்கும். பக்கத்து ஊர்ப் பளியர் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அது கூப்பிட்டுச்சுன்னா எங்கேயோ பழம் கனிஞ்சிருச்சுன்னு அர்த்தம் ஐயா. நாம தேடி அலைய வேணாம், சத்தத்தை வச்சே போயிரலாம்."

சிறிய அலகு, பெரிய வாய்

புறாவின் அலகு சிறியது. கிளி மாதிரி கடிக்க முடியாது, அணில் மாதிரி கொறிக்க முடியாது. பழத்தை முழுசாக விழுங்கித்தான் ஆக வேண்டும். மலைப்புறாவின் கீழ்த்தாடை பக்கவாட்டில் விரிந்து கொடுக்கும், தொண்டையும் நெகிழும். அதனால் அலகின் பருமனைவிடப் பல மடங்கு பெரிய பழங்களை விழுங்கிவிடும். காட்டு ஜாதிக்காய்க் கொட்டையைக்கூட மேலே இருக்கிற சிவப்புப் பத்திரியோடு உள்ளே தள்ளிவிடும்.

இங்கேதான் விவசாயி கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கோழி அறுக்கும்போது உள்ளே கெட்டியாக ஒரு பை இருக்கும், கிழித்தால் சிறு கல்லும் மணலும் கிடக்கும். அதுதான் கோழியின் அரைவைப்பை, அதன் மாவு மில். பச்சைப்புறாவுக்கும் அப்படி பலமான மில் உண்டு. ஆலம்பழத்தைத் தின்று, உள்ளே இருக்கும் கடுகு போன்ற விதைகளையும் அரைத்துச் செரித்துவிடும். பழமும் போச்சு, விதையும் போச்சு. ஆலமரத்துக்கு அதனிடமிருந்து பெரிய லாபம் இல்லை.

மலைப்புறாவின் அரைவைப்பை மெல்லியது. சதையை மட்டும் உரித்துச் செரித்துக்கொண்டு, கொட்டையைச் சேதமில்லாமல் வெளியே விட்டுவிடும். எச்சத்தோடு வரும், அல்லது வாய் வழியாகக் கக்கிவிடும். கொட்டை பெரிதாக இருப்பதால் அதைச் சுமந்துகொண்டு திரிவது பாரம். சீக்கிரம் இறக்கி வைத்தால்தான் அடுத்த பழத்துக்கு இடம். ஆனால் பழம் தின்ற மரத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்காது. ஒரு மரத்தில் தின்னும், பள்ளத்தாக்கைத் தாண்டி வேறு மரத்தில் போய் ஓய்வெடுக்கும், அங்கே கொட்டையைப் போடும். சதை நீக்கிய, ஈரம் காயாத, தாய்மரத்தின் நிழலை விட்டு விலகிய விதை. நர்சரி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், விதைநேர்த்தியில் வேறு என்ன வேண்டும்?

தாய்மரத்தை விட்டு விலகுவது ஏன் முக்கியம் என்றால், மரத்தடியில் குவிந்து கிடக்கும் விதைகளைத் தேடித்தான் எலியும் வண்டும் பூஞ்சணமும் வரும். ஒரே இடத்தில் நூறு கன்று முளைத்தாலும் தாய்மரத்தின் நிழலில் ஒன்றுகூட மேலே வராது. கொஞ்ச தூரம் போய் விழுந்த விதைக்குத்தான் வாழ்வு.

சோலையில் சின்னப் பழங்களுக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கொண்டைக்குருவி, குக்குறுவான், சின்னப் பூங்குருவி வரை எல்லாம் தின்னும். பெரிய கொட்டை உள்ள பழங்கள்தான் பிரச்சினை. அவற்றை விழுங்க இருவாச்சி வேண்டும், இல்லையென்றால் மலைப்புறா வேண்டும். மரநாயும் வௌவாலும் சிலவற்றைச் சுமக்கும். இருவாச்சி இல்லாத மலைகளில் அந்த வேலையின் பெரும்பங்கு மலைப்புறா தலையில்தான் விழுகிறது.

காட்டுப்புறாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த சோமசுந்தரமும் லலிதா விஜயனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது என்ன தின்கிறது, எப்படி இரை தேடுகிறது என்று ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். காட்டு லவங்கம், கோலமாவு முதலியவை அடங்கிய லவங்கக் குடும்ப மரங்கள், நாவல் வகைகள், உருத்திராட்ச வகைகள் ஆகியவை இந்தப் பெரிய புறாக்களின் சாப்பாட்டுத் தட்டில் முக்கியமானவை. இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கூட்டுக்கு ஒரு முட்டை

நம் பக்கத்தில் தை மாதத்திலிருந்து வைகாசி வரை மலைப்புறா கூடு கட்டும் காலம். கூடு என்று சொல்வதே அதிகம். நாலு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டது மாதிரி ஒரு தட்டு. கீழிருந்து பார்த்தால் இடுக்கு வழியாக வானம் தெரியும். அதில் வெள்ளையாக முட்டை ஒன்று வைக்கும், இரண்டு வைப்பது அபூர்வம்.

கோழி வளர்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. பழத்தில் சர்க்கரை உண்டு, புரதம் குறைவு. மற்ற பழந்தின்னிப் பறவைகள் குஞ்சு பொரித்ததும் புழு பூச்சி பிடித்து ஊட்டும். புறாவுக்கு அந்த வேலை தெரியாது. அதற்குப் பதிலாகத் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பையில் பால் மாதிரி ஒரு கெட்டிப்பொருள் சுரக்கும். ஆண் பறவைக்கும் சுரக்கும், பெண் பறவைக்கும் சுரக்கும். அதைத்தான் குஞ்சுக்கு வாயில் வாய் வைத்து ஊட்டுகின்றன. கொழுப்பும் புரதமும் நிறைந்த அந்தப் பாலை, பழம் மட்டும் தின்கிற தாயும் தகப்பனும் தங்கள் உடம்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு குஞ்சுக்கே அது சரியாக இருக்கும்.

வங்கிக் கணக்கில் சொன்னால், இது மிகக் குறைந்த வட்டி தருகிற வைப்புநிதி. வட்டியைத் தாண்டி அசலில் கை வைத்தால் கணக்கு காலி. ஒரு சீசனில் ஒரு தோட்டத்தில் நாலு பறவையைச் சுட்டுவிட்டால், அந்த நாலை ஈடுகட்டப் பல வருடம் பிடிக்கும்.

இதற்கு உலகம் கண்ட சாட்சி வட அமெரிக்காவின் பயணப்புறா. அதுவும் கூட்டுக்கு ஒரு முட்டைதான் வைத்தது. முன்னூறு கோடிக்கும் மேல் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். கூட்டம் பறந்தால் மணிக்கணக்கில் வெயில் மறையும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தது, தந்தி வந்தது. எந்தக் காட்டில் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று உடனே தகவல் போகும், வேட்டைக்காரர்கள் வந்து இறங்குவார்கள், பீப்பாய் பீப்பாயாகக் கறி நகரங்களுக்கு ரயில் ஏறும். காடும் அழிக்கப்பட்டது. 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் மார்த்தா என்ற கடைசிப் பறவை செத்தது. அத்தோடு அந்த இனம் முடிந்தது. மொரீசியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டில் ஒழிந்துபோன டோடோவும் புறாக் குடும்பத்துப் பறவைதான்.

நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பெரிய புறாக்களை வேட்டையாடுவது குற்றம். இருந்தாலும் ஏர்கன்னும் கவணும் மலையில் முழுசாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. "ரெண்டு புறாதானே சார்" என்பார்கள். ரெண்டு புறா என்பது ஒரு ஜோடி.

ஏகபோகத்தை உடைத்த பறவை

மலைப்புறாவின் இன்னொரு உறவினர் உலக வணிகத்தையே கொஞ்சம் ஆட்டி வைத்தார். இந்தோனேசியாவில் பாண்டா என்று குட்டித் தீவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான் போக வேண்டும். 1621-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் தீவுகளைப் பிடித்தது. அங்கே காலம்காலமாக ஜாதிக்காய் வளர்த்த மக்களைக் கொன்றும் அடிமையாக்கியும் விரட்டியது. விலை இறங்கக் கூடாது என்பதற்காகத் தன் கட்டுப்பாட்டில் இல்லாத தீவுகளில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்தது. வெளியே போகிற கொட்டை முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் முக்கி அனுப்பியது. இன்றைக்கு விதை நிறுவனங்கள் மலட்டு விதை, காப்புரிமை என்று பேசும்போது எனக்கு அந்தச் சுண்ணாம்புதான் ஞாபகம் வரும்.

ஆனால் புறாவுக்குக் கம்பெனி உத்தரவு தெரியாது. ஜாதிக்காயை விழுங்கி, கடலைத் தாண்டிப் பக்கத்துத் தீவில் போய்க் கொட்டையைப் போட்டது. டச்சுக்காரர்கள் வெட்ட வெட்ட, புறா நட்டுக்கொண்டே இருந்தது. பிற்பாடு ஆங்கிலேயர்கள் கன்றுகளைக் கொண்டுபோய் வேறு நாடுகளில் நட்டபோதுதான் அந்த ஏகபோகம் முழுசாக உடைந்தது. அதற்கு முன்பே ஓட்டை போட்டது புறா. இன்று கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் பறிக்கிற விவசாயிகள் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விழுங்க ஆளில்லாத மரம்

விழுங்குகிற பிராணி போய்விட்டால் மரம் என்ன ஆகும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே உதாரணம் நிற்கிறது. தாண்டிக்குடியில் வெண்ணெய்ப்பழம், அதாவது பட்டர் ஃப்ரூட், இல்லாத காபித் தோட்டம் குறைவு. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் கொட்டையைப் பாருங்கள், கோழிமுட்டை அளவு. அதன் சொந்த நாட்டில்கூட இன்று அதை முழுசாக விழுங்கிச் சுமக்கும் பெரிய விலங்கு கிடையாது. 1982-இல் ஜான்சன், மார்ட்டின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். யானையின் உறவினர்கள் போன்ற ராட்சத விலங்குகள் அங்கே ஒரு காலத்தில் இருந்தன, மத்திய அமெரிக்காவின் பெரிய கொட்டைப் பழங்கள் பலவும் அவற்றுக்காக உருவானவை, பல்லாயிரம் வருடங்களுக்கு முன்பே அவை அழிந்துவிட்டன, மரங்கள் மட்டும் பழைய முகவரிக்கே பழம் போட்டுக்கொண்டிருக்கின்றன என்றார்கள். அந்த வரிசையில் வெண்ணெய்ப்பழத்தையும் சேர்த்துச் சொல்வது இன்று வழக்கம்.

வெண்ணெய்ப்பழத்துக்கு மனிதன் கிடைத்தான், தப்பித்தது. நம் சோலையின் கோலமாவும் காட்டு லவங்கமும் அதே குடும்பத்து மரங்கள்தான். மலைப்புறா போய்விட்டால் அவற்றுக்கு யார் கிடைப்பார்கள்? உடனே எதுவும் தெரியாது. பெரிய மரங்கள் இன்னும் நூறு வருடம் நிற்கும், பூக்கும், காய்க்கும். சோலை பச்சையாகவே இருக்கும். அடியில் கன்று மட்டும் இருக்காது. வங்கியில் இப்படிப்பட்ட கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இருப்பு பெரிதாகத் தெரியும், வரவு நின்று பல வருடமாகியிருக்கும்.

சோலை நின்றால் நமக்கென்ன என்று கேட்கக் கூடாது. இந்த மலையில் பெய்கிற மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் கசியவிடுவது சோலைதான். அந்தக் கசிவுதான் மருதாநதி அணைக்கும், அய்யம்பாளையம், சித்தரேவு, பட்டிவீரன்பட்டிப் பக்கத்துத் தென்னைக்கும் வாழைக்கும் போய்ச் சேருகிறது. மேலே ஒரு புறா போடுகிற கொட்டைக்கும் கீழே ஒரு கிணற்றின் ஊற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

சில்வர் ஓக்கும் நாட்டு மரமும்

2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சோலை அங்கே தொடர்ச்சியாக இல்லை. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நடுவில் யூகலிப்டஸ், சீகை, பைன், அதற்குக் கீழே நம் காபித் தோட்டங்கள். மலைப்புறா ஒரே இடத்தில் தங்குகிற பறவை இல்லை. எந்த உயரத்தில் எந்த மாதம் எது பழுக்கிறதோ அங்கே போகும். ஒரு சோலைத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில் உட்கார உயரமான மரம் வேண்டும், தின்னப் பழம் வேண்டும். நம் தோட்டம் அந்த வழியில் இருக்கிற சத்திரம்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் காட்டு மரங்களை அப்படியே விட்டு, அடியைச் சுத்தம் செய்து காபி வைத்தார்கள். பின்னாளில் சில்வர் ஓக் வந்தது. ஆஸ்திரேலிய மரம், நேராக வளரும், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், தடியாகவும் விற்கலாம். இந்த வசதிகளை நான் மறுக்கவில்லை. என் எட்டு ஏக்கரிலும் சில்வர் ஓக் நிற்கிறது. ஆனால் அதன் விதை காற்றில் பறக்கிற சிறகு விதை, சதைப்பழமே கிடையாது. நூறு சில்வர் ஓக் நட்டாலும் மலைப்புறாவுக்கு அது நூறு கம்பம்தான். உட்காரலாம், சாப்பிட முடியாது.

என் தோட்டத்தின் மேல் எல்லையில் பழைய அத்தி மரம் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றி ஒவ்வொரு மழைக்கும் கன்றுகள் முளைக்கும். அத்திக் கன்று மட்டுமல்ல. இலையைக் கசக்கினால் லவங்கப்பட்டை வாசம் வருகிற கன்றுகளும் நாவல் கன்றுகளும் உருத்திராட்சக் கன்றும் கிடைத்திருக்கின்றன. என் தோட்டத்தில் உருத்திராட்ச மரமே கிடையாது, லவங்கமும் கிடையாது. அருகில் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கச் சோலையில். பறவை தவிர வேறு யார் கொண்டுவந்தார்கள்? முதல் மழை முடிந்ததும் அந்தக் கன்றுகளை வேர் மண்ணோடு எடுத்துப் பையில் வைத்து, ஒரு வருடம் கழித்து எல்லையோரம் நடுகிறோம். நர்சரிக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த அத்தியடிக்குப் பெயரே புறா நாற்றங்கால்.

"இதுல என்ன சார் வருமானம்?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். அரபிகா காபிக்குப் பெரிய எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். நிழல் குறைந்து வெயில் நேராக விழுகிற செடியைத்தான் அது அதிகம் தேடி வரும். நல்ல நிழலே அதற்கு முதல் மருந்து. பல வகை நாட்டு மரங்கள் இருந்தால் வெவ்வேறு மாதங்களில் இலை உதிரும், மண் மூடியே இருக்கும், உரச்செலவு குறையும். இயற்கை விவசாயம் செய்கிறவனுக்கு இலைக்குப்பைதான் மூலதனம்.

சந்தைப் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பறவைக்கு உகந்த காபி என்று ஒரு சான்றிதழ் தருகிறது. இயற்கை முறை கட்டாயம். குறைந்தது 40 சதவீதம் நிழல் வேண்டும், முதன்மை நிழல் மரம் போகப் பத்து வகை மரங்களாவது இருக்க வேண்டும். சின்ன விவசாயி தனியாக அந்தச் செலவைத் தாங்க முடியாது. குழுவாகச் சேர்ந்தால் யோசிக்கலாம். சான்றிதழ் வாங்காவிட்டாலும் அந்த அளவுகோலை நம் தோட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்பதில் செலவில்லை.

அவருடைய இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. "நாட்டு மரத்தை வளர்த்தா நாளைக்கு நம்மளே ஒரு கிளையை வெட்ட முடியாது. அதுக்குப் பயந்துதான் கன்னா இருக்கும்போதே புடுங்கிப் போடுறோம்." மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லேயே வந்தது. மலையை மொட்டையடிக்காமல் தடுக்க அப்படி ஒரு சட்டம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் தன் நிலத்தில் தானே வளர்த்த மரத்துக்கு நிழல் கழிக்க ஒரு விவசாயி அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் இருக்கிறவரை, கன்று பிடுங்கப்படும். நம் இயக்கம் இதைக் கையில் எடுக்க வேண்டும். நாட்டு மரம் நட்டவர் பெயரையும் எண்ணிக்கையையும் உள்ளூரிலேயே பதிவு செய்துகொள்ளட்டும். பதிவு செய்த மரத்தில் நிழல் கழிக்கத் தனி அனுமதி வேண்டாம் என்று இருக்கட்டும். வளர்ப்பவருக்குப் பயம் போனால் மரம் தானாக வரும்.

நாம் செய்யக்கூடியவை

தோட்டத்தில் முளைத்துவிட்ட ஆல், அத்தி, இச்சி வகைகளை முழுசாக வெட்டாதீர்கள். மற்ற மரங்கள் காய்க்காத மாதத்திலும் ஏதாவது ஒரு அத்தி பழுத்திருக்கும். பறவைக்கு அது ரேஷன் கடை.

சில்வர் ஓக் விழுந்த இடத்தில், அல்லது விற்ற இடத்தில், அடுத்த கன்று நாட்டு மரமாக இருக்கட்டும். ஏக்கருக்குப் பத்து போதும். நாவல் வகை, காட்டு லவங்கம், கோலமாவு, உருத்திராட்சம், கருங்குங்கிலியம் என்று கலந்து வையுங்கள். பெயர் தெரியாத கன்றை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். பாதிரியார் கே.எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்து 1999-இல் வெளியிட்ட பெரிய நூல் இருக்கிறது. அதை வைத்திருக்கும் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டினால் பெயர் சொல்லிவிடுவார்.

நிழல் கழிப்பதை, மலைப்புறா கூடு கட்டும் தை முதல் வைகாசி வரை, உயரமான நாட்டு மரங்களில் தவிர்த்துவிடுங்கள். முள்முருங்கையையும் சில்வர் ஓக்கையும் கழிக்கும் முன் மேலே ஒரு தடவை பாருங்கள். சுள்ளித் தட்டு தெரிந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.

உயரமான மரத்தில் ஒரு பட்டுப்போன கிளை இருந்தால் அழகுக்காக வெட்ட வேண்டாம். காலையில் வெயில் காய மலைப்புறாவுக்கு அதுதான் திண்ணை.

தோட்டத்துக்கு வருகிற விருந்தாளிகளும் பையன்களும் ஏர்கன்னோடு வந்தால், சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். சட்டம் பிடிக்காதவர்களிடம் அந்த ஒரு முட்டைக் கணக்கைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டுக் காலண்டரில், ஊம்ம் என்ற அந்தக் குரல் கேட்ட நாளில் ஒரு புள்ளி வையுங்கள். எந்த மரம் பழுத்திருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். பேனா போதும், பைனாகுலர் வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், பெரும்பாறை என்று ஊருக்கு இரண்டு பேர் ஒரு வருடம் இப்படி எழுதினால், மலைப்புறா எந்த மாதம் எந்த வழியாகப் போகிறது, நடுவில் எங்கே மரம் இல்லாமல் வழி அறுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த மழைக்குக் கன்று எங்கே வைக்க வேண்டும் என்பதை அந்தப் புள்ளிகளே காட்டிவிடும்.